அப்பாவை அறிந்துகொண்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் என்றதும் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகத்தோடு நிற்கும் சிலைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அவரும் ஒரு காலத்தில் அப்பா மேல் கோபப்பட்டு வீட்டை விட்டு ஓடப் பார்த்த பையன்தான்!

1891 ஏப்ரல் 14-ல் மத்திய இந்தியாவின் மோவ் ராணுவ முகாமில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால், ராணுவத்தில் சுபேதார். சதாராவில் அம்மா பீமாபாய் இறந்தபோது பையன் ரொம்பச் சின்னவன். பிறகு அப்பா மறுமணம் செய்துகொண்டார். அம்மாவின் நகைகளைச் சித்தி போட்டுக்கொண்டதை அவனால் தாங்க முடியவில்லை. அப்பா சோறே வேண்டாம், பம்பாய் மில்லில் வேலை செய்து பிழைக்கலாம் என்று முடிவெடுத்தான். வழிச்செலவுக்கு அத்தையின் பணப்பையைத் திருடினான். உள்ளே இருந்தது அரையணா! வெட்கிப்போய், இனி படித்துத்தான் சொந்தக் காலில் நிற்பது என்று தீர்மானித்தான்.

பின்னர் குடும்பம் பம்பாய் வந்தது. பரேலில் ஒரே அறை. மகன் தூங்க, அப்பா இரவு 2 மணி வரை விழித்திருப்பார். மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத்தான் தான் படுப்பார். புத்தகம் வாங்கக் காசில்லையென்றால், கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைப்பார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். நகையால் வந்த கோபம் நகையாலேயே கரைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1907-ல் மெட்ரிக் தேறினார். 1913 ஜனவரியில் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பினார். பிப்ரவரி 2-ல் அப்பா காலமானார். அதே வருஷம் மகன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதைப் பார்க்க அவர் இல்லை. 1923-ல் ரூபாயின் பிரச்சினை பற்றி எழுதிய நூலை, தன் படிப்புக்காகத் தியாகம் செய்த பெற்றோரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அவருக்கு வயது 32.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முதல் செமஸ்டரில் மினி டிராஃப்டர் கேட்டேன். அப்பா பதிலே சொல்லவில்லை. மூன்று நாள் நானும் பேசவில்லை. நாலாம் நாள் அது என் மேசையில் இருந்தது. அம்மா காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அண்ணல் நன்றி எழுதியபோது வாசிக்க அப்பா இல்லை. நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். இன்னைக்கே வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை பேசுவோமே!