டைட்ரேஷனில் அயனிகள் எங்கே போகுது? விடை தேடிய இந்தியர் ஜே.சி.கோஷ் யார்?

பாவூர்சத்திரமோ தென்காசியோ, பிளஸ் 2 கெமிஸ்ட்ரி லேப்பில் காட்சி ஒன்றுதான். குடுவையில் 20 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூடவே ரெண்டு சொட்டு பினாப்தலீன். மேலே பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் ரீடிங் எழுதிட்டு கிளம்பிடுவோம். ஆனா குடுவைக்குள்ளே என்ன நடந்துச்சு?

குடுவைக்குள் நடக்கும் கணக்கு

ரெண்டு கரைசலும் 0.1 மோலார் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஹைட்ரஜன் அயனி, குளோரைடு அயனி இரண்டின் செறிவும் 0.1. காரம் விழ விழ, ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சைடு அயனியோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். அதன் இடத்துக்கு சோடியம் அயனி வரும்.

சரியாக 20 மி.லி. சேர்ந்ததும் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 0.0000001 ஆகிவிடும். அதாவது பத்து லட்சம் மடங்கு சரிவு! குளோரைடு ஒன்றுகூட காணாமல் போகவில்லை. கரைசலின் அளவு இரட்டிப்பானதால் செறிவு மட்டும் 0.05 ஆகக் குறைந்தது. சோடியமும் அதே 0.05. மிச்சம் இருப்பது சாதாரண உப்புக்கரைசல். அடுத்த சொட்டில் ஹைட்ராக்சைடு கூடும், நிறம் வந்துவிடும்.

உப்பு முழுசும் அயனியா?

ஒரு காலத்தில் இதுவே பெரிய சிக்கல். கரைந்த உப்பில் ஒரு பகுதிதான் அயனியாகப் பிரியும் என்றார் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ஹீனியஸ். வினிகர் போன்ற வலுக்குறைந்த அமிலங்களுக்கு அது பொருந்தியது. உப்புக்குக் கணக்கு உதைத்தது.

1894-ல் புருலியாவில் பிறந்த ஞான் சந்திர கோஷ், கல்கத்தாவில் பி.சி.ராயின் மாணவர். மேக்நாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ் இவரது வகுப்புத் தோழர்கள். 1918-ல் கோஷ் துணிந்து ஒரு விளக்கம் வெளியிட்டார். உப்பு முழுசும் அயனிதான். அயனிகளுக்கு இடையிலான மின் ஈர்ப்புதான் கணக்கைக் குழப்புகிறது என்பது அதன் சாரம். உலகமே திரும்பிப் பார்த்தது.

தோல்வியா, வெற்றியா?

கரைசலிலும் அயனிகள் படிகத்தில் இருப்பதுபோல் வரிசையாக நிற்கும் என்று கோஷ் கருதினார். அங்கேதான் சறுக்கல். 1923-ல் டிபையும் ஹுக்கலும் வேறு படம் வரைந்தார்கள்: ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் எதிர் மின்சுமை அயனிகள் சற்றுக் கூடுதலாக மொய்க்கும். கோஷின் சமன்பாடு பாடப்புத்தகத்தை விட்டுப் போனது. உப்பு முழுசாகப் பிரியும், அயனிகளின் ஈர்ப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற அடிப்படை மட்டும் நிலைத்தது.

கோஷ் முடங்கிப் போகவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை வளர்த்தார். 1939-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். பிறகு நாட்டின் முதல் ஐஐடியான காரக்பூருக்கு முதல் இயக்குநர். 1959-ல் மறைந்தார்.

அடுத்த முறை லேப்பில் அந்த இளஞ்சிவப்பைப் பார்க்கும்போது கோஷை ஒரு நொடி நினைச்சுக்கோங்க!