எஸ்கோபியே

பிரெஞ்சு நாட்டுச் சமையற் பள்ளிகளில் மண்டல உணவு ஒரு பாடமாக அமைவதுண்டு. ஒரு நாள் தென்கடலோரத்துப் புரோவான்சு மண்டலத்து உணவு என்று கொள்வோம். பூண்டும் தக்காளியும் ஒலிவ எண்ணெயும் மணக்க, மாணாக்கருள் ஒருவர் சாறு காய்ச்சுவார். ஒருவர் மீன் வேவிப்பார். மற்றொருவர் மாப்பண்டம் சமைப்பார். முடிவில் அனைவரும் ஒருங்கிருந்து ஒவ்வொன்றையும் நாவிலிட்டுக் குற்றமும் குணமும் ஆராய்வர். பலர் கூடிப் பகுத்துச் சமைக்கும் இம்முறையைச் செம்மை செய்து நிலைநாட்டியவர் அப்புரோவான்சு மண்ணிலே பிறந்த ஓகுஸ்த் எஸ்கோபியே என்பவர்.

நளனும் வீமனும் மடைத்தொழிலில் வல்லவர்; ஆயினும் அவர்கள் அரசர். எஸ்கோபியேயோ ஒரு கொல்லரின் மகன். இவர் வில்நெவ் லூபே என்னும் சிற்றூரில் 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் பிறந்தார். சிற்பியாக வேண்டும் என்பது இவரது இளமை விருப்பம். தந்தையார் அதற்கு இசைந்திலர். பதின்மூன்றாம் வயதில் நீஸ் நகரத்தில் உணவு விடுதி நடத்திவந்த சிற்றப்பரிடம் இவரைத் தொழில் பழக விடுத்தார்.

அக்காலத்துச் சமையற்கூடம் கொல்லுலையினும் கொடியது. கரியடுப்பின் அனலும் புகையும் ஓயா. வெப்பம் தாங்கமாட்டாத சமையற்காரர் மதுவருந்துவர். மதுவின் பின் வசவும், வசவின் பின் அடியும் தொடரும். சிறுவராகிய எஸ்கோபியேயும் சிற்றப்பரிடம் அடிபட்டார். உயரத்திற் குறைந்தவராதலால் அடுப்பின் அனல் முகத்திலே தாக்கும். அதற்காகக் குதி உயர்ந்த காலணி அணிந்து பணியாற்றினார். மனம் ஒன்றாத தொழிலேயாயினும், செய்வதைச் செம்மையாகச் செய்வது என்று துணிந்தார். மதுவும் புகையிலையும் நாவின் நுண்ணுணர்வை மழுக்குமாதலின், இரண்டையும் தம் வாழ்நாள் முழுதும் விலக்கினார்.

1865-இல் பாரிஸ் மாநகர் சென்று, பெயர்பெற்ற உணவு விடுதி ஒன்றில் அமர்ந்தார். 1870-இல் பிரெஞ்சு நாட்டிற்கும் பிரஷ்யாவிற்கும் போர் மூண்டது. எஸ்கோபியே படைத்தலைவர்க்குச் சமைக்கும் பணியேற்று மெட்ஸ் நகரம் சென்றார். பகைவர் அந்நகரை முற்றுகையிட்டனர். முற்றுகை நீளும் என்பதை முன்னரே உணர்ந்து கோழி முதலியவற்றைச் சேர்த்து வைத்திருந்தார் இவர். அவை தீர்ந்தபின் குதிரை இறைச்சியே எஞ்சியது. அதனைக் கொதிநீரில் இட்டெடுத்து ஆறவிட்டு, அதன் கசப்பை நீக்கிச் சமைத்தார். அக்டோபர் இறுதியில் நகரம் வீழ்ந்தது. எஸ்கோபியேயும் சிறைப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றார்.

1890-இல், விடுதி நடத்துவதில் இணையற்றவராகிய சேசர் ரிட்ஸ் என்பவரோடு இலண்டன் சேவாய் விடுதிக்குச் சென்றார். இவரது பெருஞ்செயல் இங்குதான் நிகழ்ந்தது. படையிற் கண்ட ஒழுங்கைச் சமையற்கூடத்திற் புகுத்தினார். சாற்றுக்கு ஒரு பிரிவு, வாட்டுவதற்கு ஒரு பிரிவு, காய்கறிக்கும் முட்டைக்கும் ஒரு பிரிவு, இனிப்புக்கு ஒரு பிரிவு எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைவர் ஒருவரை அமைத்தார். மேயர்பீர் என்னும் பெயரால் வழங்கும் முட்டையுணவு ஒன்றுண்டு. ஒருவரே செய்யின் அதற்குக் கால்மணி நேரம் செல்லும். முட்டையை ஒருவர் வேவிக்க, ஆட்டின் சிறுநீரகத்தை ஒருவர் வாட்ட, நிலத்தடிக் காளானிட்ட சாற்றை மற்றொருவர் அமைக்க, அது சில மணித்துளிகளில் சூடு ஆறாமல் விருந்தினர்முன் வந்தது.

மது கூடத்தில் விலக்கப்பட்டது. அடுப்படியிலே வெந்து நிற்போர் விடாய் தீரப் பார்லி நீர் வைக்கப்பட்டது. வசவும் விலக்கப்பட்டது. தமக்குச் சினம் எழுவதாக உணர்ந்தால், தணியும்வரை வெளியே சென்று உலவி வருவது இவர் வழக்கம். அடிபட்டுப் பழகியவர் அடிக்காத ஆசிரியராயினார். இதனை இவர் சமைத்த உணவினும் பெரிதாகக் கருதலாம்.

சேவாயில் காடையின் நெஞ்சிறைச்சியே விருந்தினர்க்குச் செல்லும். எஞ்சிய கால்களைச் சோற்றோடு பக்குவம் செய்து, முதியோரைப் பேணும் கன்னித்துறவியர் இல்லத்திற்கு அனுப்புவார். இத்தகையவர் வாழ்விலும் ஒரு மறு உண்டு. 1898-இல் ரிட்ஸும் இவரும் சேவாயினின்று நீக்கப்பட்டனர். பொருள் விற்போரிடம் தரகு பெற்றதை 1900-இல் இவர் எழுத்தால் ஒப்புக்கொண்டார். 500 பவுன் திருப்பிக் கொடுத்தார். இவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே இச்செய்தி வெளிப்பட்டது.

கார்ல்டன் விடுதியில் 1899 முதல் 1920 வரை பணியாற்றினார். அக்காலத்தே 1903-இல், நண்பர் சிலர் துணையோடு சமையல் வழிகாட்டி நூலை வெளியிட்டார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பக்குவங்கள் அதில் உள்ளன. மண்டலப் பெயர்களே அதில் குறியீடுகளாக நிற்கின்றன. புரோவான்சு முறை என்றால் தக்காளியும் பூண்டும். லியோன் முறை என்றால் வெங்காயம். பர்கண்டி முறை என்றால் செந்நிறத் திராட்சை மதுவும் காளானும். எனினும் நாட்டுப்புற உணவு அந்நூலில் போதிய இடம் பெறவில்லை என்று குறை கூறுவோர் உளர். அக்குறை உண்மையே, செல்வர் உண்ணும் கூடத்திற்காக எழுந்த நூல் அது. ஆயினும் எழுதியவர் செல்வர் துயரை அன்று, எளியோர் துயரையே எண்ணினார். 1910-இல் வறுமையை ஒழிப்பதற்கான கூட்டுதவித் திட்டம் ஒன்றையும் நூலாக்கினார்.

1928-இல் பிரெஞ்சு அரசு தன் சிறப்பு விருதில் உயர்படி ஒன்றை இவர்க்கு வழங்கியது. 1935-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இவர்தம் மனைவியார் காலமானார். சில நாள் கழித்து, 12-ஆம் நாள், மான்டி கார்லோவில் எஸ்கோபியேயும் இயற்கை எய்தினார். இவர் பிறந்த இல்லம் 1966-இல் சமையற்கலைக் காட்சிசாலையாயிற்று. 1988-இல் பாரிஸ் ரிட்ஸ் விடுதியில் இவர் பெயரும் சேர்ந்த சமையற் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது.