டெனிஸ் ரிச்சி

எம் விடுதியில் அரியலூர்ப் பக்கத்தினின்று வந்து கணினிக்கலை பயிலும் அன்பர் ஒருவர் உளர். ஸி மொழிக்கு மூலநூலென உலகம் போற்றும் நூலின் முதல் அதிகாரத்திலுள்ள, உலகிற்கு வணக்கம் கூறும் சிறு நிரலை, ஓரிரவு அவர் ஓரெழுத்தும் வழுவாது தம் லினக்ஸ் கணினியிற் பெயர்த்தெழுதினார். கணினி அதனை ஏற்க மறுத்தது. இக்கலை தமக்கு வாராதெனக் கருதி வேறு பாடத்திற்கு மாறவும் துணிந்தார். பிழை அவரதன்று. அதனை விளக்கப் புகுந்தே, அம்மொழியின் தந்தையாகிய டெனிஸ் ரிச்சியின் வரலாற்றை இங்கு எழுதலாயினோம். தமிழ் பயிலும் எமக்கு இஃது எற்றுக்கெனின், இலக்கணம் காலத்தால் மாறுதலை யாமும் அறிவோம் என்க.

ரிச்சி 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பிராங்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பெல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி. மைந்தரும் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் பௌதிகம் பயின்று 1967இல் அவ்வாய்வுக்கூடத்தையே அடைந்தார். டாக்டர் பட்டத்திற்கு ஆராய்ச்சியுரை எழுதியும், கட்டிய பிரதியை ஒப்புவியாமையாற் பட்டம் பெற்றிலர் என்பர். பரீட்சைக் கட்டணம் செலுத்த மறக்கும் எம்மனோர்க்கு இஃது ஓர் ஆறுதல்.

1969இல் தோழர் கென் தாம்ஸன் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்திற்கு அடிகோலினார். அந்நாளில் இயங்குதளங்கள் பெரும்பாலும் அவ்வப் பொறிக்கே உரிய குறிமொழியில் எழுதப்பட்டன. பொறி மாறின் உழைப்பெல்லாம் வீணாகும். தாம்ஸன் ஆக்கிய பி மொழியைத் திருத்தி வளர்த்து, ரிச்சி 1972ஐ ஒட்டி ஸி மொழியைச் சமைத்தார். மனிதர் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பியையும் தாமே எழுதினார். 1973இல் யூனிக்ஸின் கருப்பகுதி ஸியிலேயே மாற்றி எழுதப்பெற்றது.

1978இல் பிரயன் கெர்னிகனுடன் அவர் வெளியிட்ட நூலே பல்லாண்டு அம்மொழிக்கு இலக்கணமாயிருந்தது. அமெரிக்கத் தர நிறுவனம் 1989இல் நியமம் வகுத்தது. அதனை எதிர்நோக்கி 1988இல் நூலின் இரண்டாம் பதிப்பு வந்தது. எம் அன்பர் கையிலிருந்தது அதுவே. அதன் முதல் நிரலில் 'மெயின்' என்னும் சொல்லின் முன் 'இன்ட்' என்னும் வகைச்சொல் இல்லை. அன்று அது குற்றமன்று. 1999ஆம் ஆண்டு நியமம் அவ்வழக்கை விலக்கிற்று. ஆயினும் 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டு, இன்று லினக்ஸிற் பெருவழக்காயுள்ள ஜிஸிஸி தொகுப்பி, நெடுங்காலம் எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பே அதனைப் பிழையெனத் தள்ளியது. 2025இல் வந்த 15ஆம் பதிப்போ, வேறு கூறாவிடின், ஸி23 என்னும் புதிய நியமத்தையே கொள்ளும்.

அரியலூர் நாட்டு ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபட்டுத் தோன்ற எழுத்தைச் சீர்திருத்தினார் என்பர். அதற்கு முந்திய ஏட்டை எடுத்த மாணாக்கன் இடர்ப்பட்டால் ஏட்டின்மேலும் குற்றமில்லை, மாணாக்கன்மேலும் இல்லை.

ஆதலின், தொடக்க மாணவர் பழைய தொகுப்பியைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தம் லினக்ஸ் தருவதே போதும். நூல் எவ்வாண்டினதென முதலிற் காண்க. 1989ஆம் ஆண்டு நியமத்தைக் கொள்ளுமாறு தொகுப்பியைப் பணித்தால் பழைய நிரலும் ஓடும். ஆயினும் 'இன்ட்' சேர்த்து, எச்சரிக்கை அனைத்தையும் காட்டச் செய்து, புது வழக்கிலே பயிலுதலே தக்கதென்பது எம் கருத்து. அன்பர் அவ்வாறே செய்தார்; வணக்கம் திரையில் தோன்றிற்று. பாடம் மாறும் பேச்சை அவர் பின்னர் எடுத்திலர்.

ரிச்சி 1983இல் தாம்ஸனுடன் டூரிங் பரிசு பெற்றார், 2007இல் ஓய்வுற்றார். 2011 அக்டோபர் 12ஆம் நாள், நியூஜெர்ஸி மாநிலத்தில் தனித்து வாழ்ந்த தம் இல்லத்தில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர் ஆப்பிள் நிறுவனத்து ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகெங்கும் இரங்கினர்; ரிச்சியின் மறைவைக் கணினியாளர் அல்லாதார் பெரிதும் அறிந்திலர். ஜாப்ஸ் விற்ற கணினிகளின் இயங்குதளமும் யூனிக்ஸ் வழித்தோன்றலே.