தண்ணீர் கிடைக்காத பயணம்

1901-ம் ஆண்டு. சதாராவில் இருந்து ரெயிலில் வந்த சில சிறுவர்கள், மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். கோரேகாவில் காசாளராக இருந்த தந்தையைப் பார்க்க வந்தவர்கள். அழைத்துப்போக ஆள் வரவில்லை. மகார் சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். இரட்டிப்புக் கூலிக்கு ஒருவர் இணங்கினார். சிறுவர்களே வண்டியை ஓட்ட, அவர் நடந்து வந்தார். கையில் சாப்பாடு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகப் படுத்தார்கள்.

அந்தச் சிறுவர்களில் ஒருவர்தான் டாக்டர் அம்பேத்கர்.

அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, 1917-ல் பரோடாவில் பதவி ஏற்றார். தங்கிய விடுதியில் இருந்து, தடி ஏந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. 1929-ல் சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். ஓட்டிப் பழகாதவர் ஓட்டிய வண்டியில் இருந்து விழுந்து கால் முறிந்தது.

மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில், தன் புத்தகங்களுக்காகவே ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டிய சட்டமேதை அவர். ஆனால் தீண்டாமையை அறியாத வெளிநாட்டவருக்கு அதை விளக்க, சட்ட வாதங்களை அடுக்கவில்லை. தனக்கும் பிறருக்கும் நேர்ந்த உண்மைச் சம்பவங்களை 1930-களில் ஆங்கிலத்தில் எளிமையாக எழுதிவைத்தார்.

வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1956 டிசம்பர் 6-ந்தேதி டெல்லியில் காலமானார். மறுநாள் தாதர் கடற்கரையில் உடல் தகனம் செய்யப்பட்டது.

அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், 1990-ல் அதை 'வெயிட்டிங் பார் எ விசா' என்ற சிறு நூலாக வெளியிட்டது. அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே அது பாடமானது.