பைக்கைப் பிரித்துப் படித்த ஜி.டி.நாயுடு: என்ஜினுக்குள் 'கேப்' ஏன் முக்கியம்?

காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் கொல்லிமலை உச்சிக்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். வீக் எண்ட் பைக் ட்ரிப் போனவர்களுக்குத் தெரியும், முக்கால்வாசி தூரம் ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்தான். வண்டி மெதுவாகப் போகும், என்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். காற்று குறைவு, சூடு அதிகம். வீட்டிலேயே என்ஜினைப் பிரித்து மாட்டியவர்களுக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். டவுனில் நன்றாக ஓடிய வண்டி பாதி மலையில் இறுகி நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே விட வேண்டிய இடைவெளியை.

யூடியூப் இல்லாத காலத்திலேயே இந்த வேலையில் இறங்கிய ஒருவர் கோவையில் இருந்தார். கோபாலசாமி துரைசாமி நாயுடு என்கிற ஜி.டி.நாயுடு.

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. சுமார் 20 வயதில், ஊர்ப்பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு நினைப்பே இல்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை. மூன்று வருஷம் காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை, பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார். பிறகு திரும்ப மாட்டினார். அவருக்கு அதுதான் இன்ஜினீயரிங் காலேஜ்.

கழற்றுவது ஈஸி. மாட்டுவதில்தான் விஷயமே.

பிஸ்டன் ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழு வளையம் இல்லை, ஒரு இடத்தில் வெட்டு இருக்கும். ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அந்த வெட்டுக்குள் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு அங்குல போருக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு இடைவெளி என்பது பழைய மெக்கானிக் கணக்கு (உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதுதான் இறுதி). இடைவெளி போதாவிட்டால், சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டி சிலிண்டரைக் கீறிவிடும். கூடிவிட்டால் கம்ப்ரஷன் போகும், ஆயில் தின்னும், சைலன்ஸரில் புகை வரும். வால்வு, கிராங்க் பேரிங் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பேரிங்கில் விடும் இடைவெளி தலைமுடி கனம்கூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

ரட்ஜோடு நாயுடு நிற்கவில்லை. 1920-ல் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி – பழனி ரூட்டில் விட்டார். அந்த ஒற்றை பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரைத் தயாரித்தார். இங்கேயும் பிரச்சினை இடைவெளிதான். சுற்றும் ரோட்டருக்கும் நிற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே மெல்லிய காற்று வெளி, சுற்றிலும் ஒரே அளவாக இருக்கணும். ஒரு பக்கம் சாய்ந்தால் உரசிவிடும். ஷேவிங் ரேசருக்குள் அடங்கும் குட்டி மோட்டார்வரை அவர் போனார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி வர முன்நின்றவரும் அவரே, அதன் முதல்வராகவும் இருந்தார். அங்கே ஒரு மோதல். நான்கு வருஷப் படிப்பு நேர விரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டார். கைவேலையில் படித்தவரின் கோபம் புரிகிறது. ஆனால் எல்லோரும் நாயுடு இல்லையே என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு சீட் பெட்ரோல் கார் கொண்டுவந்தார். உற்பத்திக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, கார் அதோடு நின்றது.

1974 ஜனவரி 4-ல் தன் 80-வது வயதில் காலமானார். அவர் விட்டு வெளியேறிய கல்லூரி, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே பி.இ. இப்போதும் நான்கு வருஷம்தான்.