ஊரே எதிர்த்த டாக்டர்!

அவர் ஒரு டாக்டர். மக்களின் உயிரைக் காக்கப் புறப்பட்டார். ஆனால் ஊரே அவருக்கு எதிராகத் திரண்டது. தெருத் தெருவாகக் கலவரம் மூண்டது!

அந்த டாக்டரின் பெயர் ஆஸ்வால்டோ குரூஸ்.

தென் அமெரிக்காவில் உள்ள பெரிய நாடு பிரேசில். அங்கே 1872-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி குரூஸ் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். மகனும் டாக்டருக்குப் படித்தார். 20 வயதில் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் நகருக்குச் சென்று, பாஸ்டர் நிலையத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்ந்தார்.

கொசு ஒழிப்புப் படை

அப்போது பிரேசிலின் தலைநகர் ரியோ டி ஜனீரோ. அழகான நகரம். ஆனால் அதன் பெயரைக் கேட்டாலே கப்பல்காரர்கள் நடுங்கினார்கள். காரணம், மஞ்சள் காய்ச்சல்! நோய் கண்டவரின் உடல் மஞ்சளாகும். கறுப்பு நிறத்தில் வாந்தி எடுப்பார். பலர் சில நாட்களிலேயே மாண்டு போனார்கள்.

1903-ம் ஆண்டு ஜனாதிபதி ரோட்ரிக்ஸ் ஆல்வஸ், நாட்டின் சுகாதாரத் துறையைக் குரூசிடம் ஒப்படைத்தார். அப்போது குரூசுக்கு வயது 30. மூன்றே ஆண்டுகளில் மஞ்சள் காய்ச்சலை விரட்டிவிடுவதாக அவர் உறுதி கூறினார்.

நோயாளியின் துணிமணியாலும் அழுக்காலும் இந்த நோய் பரவுகிறது என்று பலர் நம்பினார்கள். டாக்டர்களில் பலரும் அப்படியே நினைத்தார்கள். ஆனால் அதைப் பரப்புவது கொசு என்பது 1900-ம் ஆண்டில் கியூபா நாட்டில் நிரூபிக்கப்பட்டிருந்தது. குரூஸ் அதை நம்பினார்.

கொசுவை ஒழிக்க ஒரு படையையே திரட்டினார். படையினர் வீடு வீடாக நுழைந்தார்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டினார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கந்தகப் புகை போட்டார்கள். பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டுச் சிரித்தன. குரூஸ் அசையவில்லை.

நகரமே போர்க்களம்

அடுத்த எதிரி பெரியம்மை. அதைத் தடுக்க எல்லோரும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று 1904-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி சட்டம் வந்தது.

மக்கள் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார்கள். சாலையை அகலமாக்க ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. இப்போது மனைவி, மகளின் கையை யாரோ ஒருவன் தொடுவதா என்று ஆத்திரப்பட்டார்கள். அம்மை குத்தினால்தான் நோய் வரும் என்ற வதந்தியும் பரவியது. அரசியல்வாதிகள் சிலர் அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்கள்.

நவம்பர் 10-ந் தேதி கலவரம் வெடித்தது. டிராம் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன. தெரு விளக்குகள் நொறுங்கின. துப்பாக்கிகள் முழங்கின. சுமார் 30 பேர் உயிர் இழந்தார்கள். நவம்பர் 16-ந் தேதி, கட்டாயம் இல்லை என்று அரசாங்கம் பின்வாங்கியது.

மனம் மாறியது

கொசுப் போரில் குரூஸ் வென்றார். 1907-ம் ஆண்டு, மஞ்சள் காய்ச்சல் இனி ரியோ நகரில் கொள்ளை நோயாக இல்லை என்று அறிவித்தார். அதே ஆண்டு பெர்லின் நகரில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் அவருடைய பணிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பெரியம்மை மட்டும் காத்திருந்தது. 1908-ல் மீண்டும் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அன்று எதிர்த்த மக்களே இப்போது தாங்களாக வந்து அம்மை குத்திக்கொண்டார்கள்!

குரூஸ் சொன்ன வைத்தியம் சரிதான். ஆனால் மக்களுக்கு அதைப் புரிய வைக்காமல் சட்டத்தை நீட்டியது தவறாகப் போயிற்று. அதிகாரம் வீட்டுக்குள் நுழையலாம்; மனதுக்குள் நுழைய முடியாது. அதற்கு விலையாகப் போனவை எத்தனையோ உயிர்கள்.

1917-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி குரூஸ் காலமானார். வயது 44தான். 1971-ல் பிரேசிலை விட்டே பெரியம்மை ஓடியது. கொரோனா வந்தபோது, பிரேசில் மக்களுக்குத் தடுப்பூசி தயாரித்த நிலையங்களில் ஒன்று அவர் வளர்த்த ஆராய்ச்சி நிலையம். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது!