நீர்வளம் பாடிய பாவலர் வாணிதாசன்

புதுவைக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றை அடுத்துள்ள தொன்மையான ஊர் வில்லியனூர். அவ்வூரில் 1915ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அரங்க திருக்காமு, துளசியம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் அரங்கசாமி. எத்திராசலு என்ற பெயரும் அவருக்கு உண்டு. தமிழுலகமோ அவரை வாணிதாசன் என்றே அறியும்.

புதுவையில் பிரெஞ்சியர் ஆட்சி நிலவிய காலம் அது. இளமையில் பாவேந்தர் பாரதிதாசனிடமே கல்வி கற்கும் பேறு அவருக்கு வாய்த்தது. ஆசானைப் போலவே மாணவரும் ஆசிரியப் பணியை மேற்கொண்டார், பாவலராகவும் உயர்ந்தார். தமிழோடு தெலுங்கு, ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளிலும் புலமை பெற்றார். தமிழச்சி, கொடிமுல்லை, தொடுவானம், எழிலோவியம் முதலிய நூல்கள் அவர் புகழை நிலைநாட்டின. கவிஞரேறு, பாவலர்மணி என்னும் பட்டங்கள் அவரைத் தேடி வந்தன.

பிறந்தது வில்லியனூர் எனினும், அவர் பெயரோடு இணைந்து நிற்பது பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேலியமேடு. பாகூர்ப் பகுதி புதுவையின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரி நீர் மதகு வழியே வயலை அடையும். நிலத்துள் இறங்கிக் கிணறுகளிலும் ஊறும். இத்தகைய மருத நிலத்திலேயே பாவலரின் வாழ்வு வேரூன்றியது.

தமிழகத்தின் வேர்ட்சுவொர்த்து என்று அவரைப் போற்றுவர். பாராட்டு தகுந்ததே, ஆயினும் ஒரு வேறுபாடு எண்ணத்தக்கது. அந்த ஆங்கிலக் கவிஞர் உலவிய ஏரிகள் இயற்கை அமைத்தவை. பாகூர் ஏரியோ மக்கள் கரை கட்டி உருவாக்கியது. வரத்துக்கால் தூர்ந்தால் அங்கே நீர் இல்லை. கரை உடைந்தால் வயல் இல்லை. வயல் இல்லையேல் பாடுதற்குரிய பசுமையும் இல்லை. உழைப்பும் காவலும் இன்றி இந்நிலத்தில் எழில் நிலைப்பதில்லை.

தொடுவானத்தில் இடம்பெற்ற ஓடை என்னும் பாட்டு இவ்வுண்மைக்குச் சான்று. அவ்வோடை கண்ணுக்கு விருந்தாக மட்டும் ஓடுவதன்று. விளைநிலங்களுக்கு நீரூட்டிப் பயிரை வளர்க்கின்றது. மகளிரின் பாட்டொலி அதன் ஒலியோடு கலக்கின்றது. இயற்கையையும் அதைச் சார்ந்து வாழும் மக்களையும் வாணிதாசன் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலிலும் அப்பாட்டு இடம்பெற்றுள்ளது.

1974ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 7ஆம் நாள் பாவலர் மறைந்தார். அவர் காலத்திற்குப் பின் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நீரைக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வலுக்க, ஏரியைப் பேணும் பழைய பொறுப்பு தளர்ந்தது. ஊறுவதைவிட மிகுதியாக நீரை இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. கடலோரத்தில் உவர்நீர் உட்புகுந்தது. ஏரி நிரம்பினால்தான் கிணறும் ஊறும் என்னும் உழவரின் பட்டறிவைப் பெருவிலை கொடுத்து மீண்டும் கற்க நேர்ந்தது.

மீட்பு முயற்சிகளும் நிகழாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் தொடங்கிய திட்டம் புதுவைப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்க முனைந்தது. ஏரிப் பயனாளர்களையும் அப்பணியில் சேர்த்துக்கொண்டது. வில்லியனூர்ப் பகுதியின் ஊசுட்டேரி 2008இல் உயிரினக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் திட்டத்திற்குக் கால எல்லை உண்டு. தூர் படிவதற்கோ எல்லை இல்லை. ஆண்டுதோறும் கரையையும் காலையும் காக்கும் ஊரார் இல்லையேல் எத்திட்டமும் நீடிக்காது.

ஓடையை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும், வாணிதாசன் விழாக்களில் கவி பாடும் பாவலரும் பங்காரு வாய்க்காலின் நிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். பாட்டை ஏடு காக்கும்; ஓடையைக் காக்க மக்களே வேண்டும். அவர் பாடிய நீர் அவர் மண்ணில் ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு உரிய நினைவுச் சின்னம்.